ஐந்து டாலருக்கு ஒரு கப்பல்

ஆப்பிரிக்காவுக்கு ஜனாதிபதி ஆக என்ன தகுதி வேண்டும்? அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பீர்கள். தேவையில்லை. சரி, ஒரு தடவையாவது போய் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்? அதுவும் தேவையில்லை. குறைந்தபட்சம் ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள் ஓட்டாவது போட... அட, நீங்கள் ஒன்று. நல்ல தொப்பி ஒன்று இருந்தால் போதும்.

1920 ஆகஸ்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு கூட்டம். 25,000 கறுப்பின மக்கள். மாதம் முழுக்க நடந்த அந்த மாநாட்டில்தான், ஜமைக்காவிலிருந்து வந்து நாலு வருஷமே ஆகியிருந்த மார்கஸ் கார்வியை ‘ஆப்பிரிக்காவின் தற்காலிக ஜனாதிபதி’ என்று அறிவித்தார்கள். அவருக்கு அப்போது வயது 33. ‘தற்காலிக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடக்கமான மனிதர்.

ஜனாதிபதி என்று ஆன பிறகு பரிவாரம் வேண்டாமா? நைல் நதிக்கு ஒரு டியூக், காங்கோவுக்கு ஒரு ஏர்ல், நைஜருக்கு ஒரு வைகவுன்ட் என்று பட்டங்கள் பறந்தன. அப்போது காங்கோ பெல்ஜியத்தின் கையில் இருந்தது. நைல் பக்கம் பிரிட்டன் உட்கார்ந்திருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எல்லோருக்கும் பட்டம் கிடைத்தது; பட்டாதான் கிடைக்கவில்லை.

அதே மாநாட்டிலிருந்து அயர்லாந்துத் தலைவர் டி வலேராவுக்கு ஒரு வாழ்த்துத் தந்தி போனது. அவரும் அப்போது தன்னை அயர்லாந்துக் குடியரசின் ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பிரிட்டன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆக, கையில் நாடு இல்லாத ஒரு ஜனாதிபதி, கையில் நாடு இல்லாத இன்னொரு ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்து அது. தந்திக்குக் கொடுத்த காசு மட்டும் நிஜம்.

இனி அந்தத் தொப்பி. தோளில் தங்கக் குஞ்சம், மார்பெல்லாம் சரிகை, தலையில் வெள்ளை இறகுகள் சிலிர்த்து நிற்கும் தொப்பி. இந்தக் கோலத்தில் திறந்த காரில் உட்கார்ந்து ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் ஊர்வலம் வருவார் கார்வி. பின்னால் சீருடையில் ‘ஆப்பிரிக்கன் லீஜன்’ படை. இந்தப் படை எந்த நாட்டோடும் சண்டை போட்டதில்லை. அதற்குப் பின்னால் வெள்ளை உடையில் ‘பிளாக் கிராஸ்’ நர்ஸ்கள். படத்தைப் பார்த்தால், கல்யாண ஊர்வலத்துக்குக் கிளாரினெட் வாசிக்க வந்தவர் வழிதவறி காரில் ஏறிவிட்டாரோ என்று தோன்றும்.

சிரித்தாயிற்றா? இப்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள், சலவைக்காரர்கள், லிஃப்ட் ஓட்டுபவர்கள், ரயிலில் படுக்கை விரிக்கும் போர்ட்டர்கள். அந்தப் போர்ட்டர்களுக்குச் சொந்தப் பெயர் கூடக் கிடையாது. அந்தப் படுக்கைப் பெட்டிக் கம்பெனியை நிறுவியவர் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால், பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிடுவார்கள். நாள் முழுக்க ஜார்ஜாக இருந்துவிட்டு வருபவன், சாயங்காலம் தன் நிறத்தில் ஒருவர் கவர்னர் மாதிரி தொப்பி வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறான். அவன் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் கை விட்டுக் காசை எடுத்தான்.

கவர்னர் மாதிரி என்றது சும்மா இல்லை. கார்வி பிறந்த ஜமைக்கா பிரிட்டிஷ் காலனி. அங்கே விசேஷ நாட்களில் வெள்ளைக்கார கவர்னர் இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்த பையன், கவர்னரை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தான். தொப்பியை ஒழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பிறந்தது 1887 ஆகஸ்ட் 17, செயின்ட் ஆன்ஸ் பே என்ற சிற்றூர். அம்மாவுக்கு மோசஸ் என்று பெயர் வைக்க ஆசை, மக்களை மீட்டுக் கூட்டிப்போவான் என்று. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேரம் பேசி ‘மோசையா’ என்று நடுப்பெயராக வைத்தார்கள். அப்பா கல்தச்சர், வீட்டில் புத்தக அலமாரி வைத்திருந்தவர், யாரோடும் ஒட்டாதவர். பெண்டாட்டி பிள்ளைகள்கூட அவரை ‘மிஸ்டர் கார்வி’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

இந்த மிஸ்டர் கார்விக்கு ஒரு பேப்பர்காரர் பல வருஷமாகப் பத்திரிகை அனுப்பிக்கொண்டே இருந்தார். இவர் அன்பளிப்பு என்று நினைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். பேப்பர்காரர் செத்ததும் மொத்தத்துக்கும் பில் வந்தது. கட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனார், தோற்றார், சொத்து போயிற்று. இந்தச் சம்பவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தபால், கோர்ட், வீம்பு மூன்றும் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது.

மகன் அச்சகத் தொழில் கற்றான். கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஆனான். 1908-இல் அச்சுத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தபோது, முதலாளி பக்கம் நிற்க வேண்டிய ஃபோர்மன் தொழிலாளிகளோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டான். ஸ்டிரைக் தோற்றது, வேலையும் போனது. பிறகு கோஸ்டா ரிக்கா, பனாமா, லண்டன் என்று சுற்றினான். போன இடமெல்லாம் ஒரே காட்சி: கடைசி வேலை கறுப்பனுக்கு, கடைசிக் கூலியும் அவனுக்கே.

1914-இல் ஊர் திரும்பி ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர்: யூனிவர்சல் நீக்ரோ இம்ப்ரூவ்மென்ட் அண்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன் அண்ட் ஆப்பிரிக்கன் கம்யூனிட்டீஸ் லீக். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் உறுப்பினர்களை எண்ணுவதைவிடப் பெயரில் உள்ள வார்த்தைகளை எண்ண அதிக நேரம் ஆகியிருக்கும்.

அமெரிக்காவுக்கு வந்ததும், ஹார்லெமில் முதல் பொதுப்பேச்சு 1916-இல் நடந்தது. பேச்சின் நடுவில் தலைவர் மேடையிலிருந்து கீழே விழுந்தார். பசி மயக்கம் என்றார்கள் சிலர். அனுதாபம் சம்பாதிக்கும் நடிப்பு என்றார்கள் வேறு சிலர். ஒரு மனிதன் விழுந்ததைக்கூட இரண்டு விதமாக விளக்க முடிந்தால், அவன் அரசியலுக்கு வந்துவிட்டான் என்று பொருள்.

விழுந்தவர் மூன்று வருஷத்தில் எழுந்த எழுச்சி பயங்கரமானது. குரல் அப்படி. உடல் குள்ளம், சதைப்பிடிப்பு. வாயைத் திறந்தால் கூட்டம் நாற்காலியில் உட்காராது. காலமும் தோது. ஜெர்மனியோடு சண்டை போட்டுவிட்டு வந்த கறுப்பினச் சிப்பாய்களை 1919-இல் அமெரிக்க நகரங்கள் இனக்கலவரங்களால் வரவேற்றன. ‘பொறுமையாக இருங்கள், படித்து முன்னேறுங்கள்’ என்று மற்றத் தலைவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் ‘நீ ராஜ பரம்பரைடா’ என்றார். எது எடுபடும் என்று சொல்லவா வேண்டும்?

இங்கேதான் கப்பல் வருகிறது. கப்பல் கம்பெனி என்றதும் உங்கள் மனசு தூத்துக்குடிக்குப் போயிருக்கும். போகட்டும், சீக்கிரம் திரும்பி வாருங்கள். இங்கே நடக்கப் போவது வேறு ரகம்.

1919 ஜூனில் ‘பிளாக் ஸ்டார் லைன்’ பதிவானது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனி ‘ஒயிட் ஸ்டார் லைன்’, டைட்டானிக் புகழ், அதற்குப் பதிலடி. டைட்டானிக் கம்பெனியின் பெயரைப் பார்த்துக் கப்பல் கம்பெனிக்குப் பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பங்கு ஒன்று ஐந்து டாலர். ஒருவருக்கு அதிகபட்சம் 200 பங்கு. கறுப்பின மக்கள் மட்டும்தான் வாங்கலாம். இன்று கிரவுட்ஃபண்டிங் என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அதை ஆப் இல்லாமல், தபாலிலும் தகர டப்பாவிலும் செய்து காட்டினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏழரை லட்சம் டாலர் கொட்டினார்கள். ஒரு டாலர், இரண்டு டாலராகச் சேர்த்த பணம் அது.

பணம் வந்தது. கப்பல் பற்றித் தெரிந்தவர் யார்? கார்வி அச்சுத் தொழிலாளி. மற்ற நிர்வாகிகளும் கடல் வழியாக ஊர் வந்தவர்களே தவிர, கப்பல் வாங்கி விற்றவர்கள் அல்ல. பழைய கார் வாங்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போவோமே, அதுபோல ஜோஷுவா காக்பர்ன் என்ற கறுப்பின கேப்டனை நியமித்து அவரை நம்பினார்கள். அவர் பார்த்துச் சொன்ன கப்பல் ‘யார்மத்’. போரில் நிலக்கரி சுமந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த கிழடு. கட்டிய வருஷம் 1887. ஆமாம், கார்வி பிறந்த அதே வருஷம். இரண்டு பேருக்கும் 32 வயது. மனிதனுக்கு அது வாலிபம். கப்பலுக்கு அது சஷ்டியப்தபூர்த்தி தாண்டிய வயது.

விலை 165,000 டாலர். விற்ற புரோக்கரிடமிருந்து கேப்டன் தன் பங்குக்கு 1,600 டாலர் கமிஷன் வாங்கிக்கொண்டார். மெக்கானிக்குக்கும் புரோக்கருக்கும் உள்ள உறவு எல்லாக் கண்டத்திலும் ஒன்றே.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு வேறொரு கூத்து. சங்கத்திடமிருந்து இருபத்தைந்து டாலர் பாக்கி வரவேண்டும் என்று ஒருவன் ஆபீசுக்குள் நுழைந்து கார்வியைத் துப்பாக்கியால் சுட்டான். காலில் காயம், தலையில் கீறல். அங்கிருந்த ஏமி ஆஷ்வுட் என்ற பெண் குறுக்கே பாய்ந்து காப்பாற்றினார். கார்வி கட்டும் ஊன்றுகோலுமாக நேராக அடுத்த கூட்டத்துக்குப் போனார். பங்கு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. எந்த மார்க்கெட்டிங் ஏஜென்சியாலும் தர முடியாத விளம்பரம், அதுவும் இருபத்தைந்து டாலருக்கு.

1919 அக்டோபர் 31. ஹட்சன் நதியில் 135-ஆவது தெருத் துறை. ஆயிரக்கணக்கான ஜனம், பேண்டு வாத்தியம், கண்ணீர். கறுப்பின கேப்டன், கறுப்பினச் சிப்பந்திகள், கறுப்பினர் காசில் வாங்கிய கப்பல். சங்கு ஊதியது. யார்மத் கம்பீரமாகக் கிளம்பியது. ஆப்பிரிக்காவுக்கா? இல்லை, 23-ஆவது தெருவுக்கு. இன்ஷூரன்ஸ் வேலை முடியாததால், அதே ஊரில் அதே நதியில் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டது. கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவரை கப்பல் போய்க்கொண்டேதான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சினிமாவில் வைத்தால் ‘ஓவர்’ என்பீர்கள். 1920 ஜனவரி 17 முதல் அமெரிக்காவில் மதுவிலக்கு. ஒரு மதுபானக் கம்பெனிக்கு லட்சக்கணக்கான டாலர் சரக்கு கையில், ஊரை விட்டு அவசரமாக வெளியேற்ற வேண்டும். கியூபாவுக்கு ஏற்றிப்போக யார்மத்தைப் பிடித்தார்கள். பேசிய வாடகை வெறும் 11,000 டாலர். அவசரம் அவனுக்கு, தள்ளுபடி இவர் கொடுத்தார்.

மதுவிலக்கு அமலான கையோடு, விஸ்கிப் பெட்டிகளைக் கண்டபடி அடைத்துக்கொண்டு கப்பல் கிளம்பியது. நியூஜெர்சியின் கேப் மே முனை அருகே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கப்பலும் குடித்ததா என்று கேட்காதீர்கள். சிப்பந்திகள் குடித்திருந்தார்கள், அது உறுதி. பாரத்தைக் குறைக்க ஐந்நூறு பெட்டி விஸ்கியையும் ஷாம்பெயினையும் கடலில் தள்ளினார்கள். அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ சின்னச் சின்னப் படகுகள் மொய்த்து அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போயின. நாடு முழுக்க வறட்சி அறிவித்திருக்கும் நேரத்தில் கடலே விஸ்கி கொடுத்தால் எவன் விடுவான்? கப்பல் தள்ளாடித் தள்ளாடி நியூயார்க் திரும்பியது. குடித்தவன் வீடு திரும்புவது போல.

ஒருவழியாக ரிப்பேர் செய்து ஹவானா போய்ச் சேர்ந்தபோது, இதே கப்பல்தான் தேர் ஆயிற்று. கியூபா ஜனங்கள் படகுகளில் வந்து பூவும் பழமுமாக வீசினார்கள். ஜனாதிபதி மெனோகால் விருந்து கொடுத்தார். நிஜ ஜனாதிபதி, கையில் நாடு உள்ளவர். மத்திய அமெரிக்காவில் வாழைத் தோட்டக் கூலிகள் மலைகளிலிருந்து குதிரையிலும் கழுதையிலும் இறங்கி வந்து, கப்பல் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாய்லர் ஓட்டை, இன்ஜின் இருமல், கேப்டன் கமிஷன் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. இந்த இடத்தில் நானும் ஜோக்கைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

நிறுத்தியது போதும், தேங்காய் வந்துவிட்டது. திரும்பும் வழியில் ஜமைக்காவில் 700 டன் தேங்காய் ஏற்றினார்கள். சீக்கிரம் நியூயார்க் போனால் நல்ல காசு. ஆனால் தலைவரிடமிருந்து உத்தரவு: முதலில் ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் துறைமுகங்களில் நிறுத்துங்கள், ஜனங்கள் கப்பலைப் பார்க்கட்டும், பங்கு விற்கும். நிறுத்தினார்கள். ஜனங்கள் பார்த்தார்கள். பங்கு விற்றது. கீழே தேங்காய் அழுகியது. கார்வியின் வியாபார மூளையை இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது: மேல்தளத்தில் பேண்டு வாத்தியம், கீழ்த்தளத்தில் அழுகல் வாடை.

இரண்டாவது கப்பல் ‘ஷேடிசைட்’, ஹட்சனில் பிக்னிக் கூட்டிப்போகும் படகு. கோடையில் சங்கத்தார் ஜாலியாகப் போய் வந்தார்கள். குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்து, கட்டிவைத்த இடத்திலேயே மூழ்கியது. மூன்றாவது ‘கனாவா’, எண்ணெய்க் கோடீஸ்வரர் ஹென்றி ரோஜர்ஸ் தன் சிநேகிதர் மார்க் ட்வெயினை ஏற்றிக்கொண்டு உல்லாசமாகச் சுற்றிய சொகுசுப் படகு. அதைச் சரக்குக்கும் பயணிகளுக்கும் என்று 60,000 டாலருக்கு வாங்கினார்கள். பென்ஸ் காரை வாங்கி மணல் லாரியாக ஓட்டுவது போல. அதன் பாய்லர் வெடித்து ஒருவர் உயிரே போனது. கடைசியில் கியூபாவில் ஒரு துறைமுகத்தில் அநாதையாக விட்டுவிட்டு வந்தார்கள்.

யார்மத் என்ன ஆனது? 1921 கடைசியில் ஏலத்தில் போனது. 165,000 டாலருக்கு வாங்கிய கப்பலை விற்ற விலை 1,625 டாலர். கேப்டன் வாங்கிய கமிஷன் 1,600 என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கப்பல் வியாபாரத்தில் லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

குடும்ப விஷயம் இரண்டு வரியில். குண்டுக்குக் குறுக்கே பாய்ந்த ஏமி ஆஷ்வுட்டை 1919 கிறிஸ்துமஸ் அன்று ஜாம் ஜாம் என்று கல்யாணம் செய்தார். சில மாதத்தில் பிரிவு. மணப்பெண் தோழியாக நின்ற ஏமி ஜாக்கஸை 1922-இல் மணந்தார். தூக்கத்தில் பெயரை உளறினாலும் மாட்டிக்கொள்ள மாட்டார். முதல் ஏமி அந்த விவாகரத்தைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, உலகத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மிஸஸ் ஏமி கார்விகள் இருந்தார்கள். இரண்டு பேருமே அவரைவிடக் காரியத்தில் கெட்டிக்காரர்கள்.

எதிரிகளில் முதல்வர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர், தாடி, கைத்தடி, ‘கிரைசிஸ்’ பத்திரிகை ஆசிரியர். அவர் கார்வியை எழுத்திலேயே குள்ளன், குண்டன், அவலட்சணம் என்றார். கார்வி பதிலுக்கு, கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் டச்சு, கொஞ்சம் கறுப்பு கலந்த விநோதப் பிறவி என்று டு பாய்ஸின் ரத்தத்தைக் கணக்குப் போட்டார். ஓர் இனத்தின் மானத்துக்காகப் போராடிய இரண்டு மகா மேதைகள், ஒருவர் நிறத்தை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரனுக்கு வேலை மிச்சம்.

அடுத்து கார்வி செய்த காரியத்துக்கு எதிரியே தேவையில்லை. 1922 ஜூனில் அட்லாண்டா போய் கூ க்ளக்ஸ் கிளான் அமைப்பின் தற்காலிகத் தலைவர் எட்வர்ட் கிளார்க்கைச் சந்தித்தார். ஆமாம், கறுப்பினரை மரத்தில் தூக்கிலிட்டவர்களின் சங்கம். அவர் லாஜிக்: இனங்கள் கலக்கக் கூடாது என்று அவனும் சொல்கிறான், நானும் சொல்கிறேன்; சிரித்துக் கழுத்தறுப்பவனைவிட முகத்துக்கு நேராகத் திட்டுபவன் மேல். ஆட்டுக்கிடாக்களின் பிரதிநிதி கசாப்புக்கடைச் சங்கத் தலைவரோடு நாசூக்காக டீ சாப்பிட்டுவிட்டு வந்தது போல இருந்தது. அவருடைய சொந்தப் பத்திரிகை தவிர மற்ற எல்லாப் பத்திரிகையும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே வாஷிங்டனில் உளவுத்துறையைச் சேர்ந்த 24 வயதுப் பையன் ஒருவன் கார்வி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தான். பெயர் ஜே. எட்கர் ஹூவர். இந்த ஆள் நாடு கடத்தும் அளவுக்கு எந்தச் சட்டத்தையும் இன்னும் மீறவில்லையே என்று 1919-லேயே ஆபீஸ் குறிப்பில் வருத்தப்பட்டு எழுதினான். கையாட்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள், ஹார்லெமில் எப்படி ஒளிவார்கள்? இதற்காகவே ஜேம்ஸ் வார்ம்லி ஜோன்ஸ் என்ற கறுப்பினரை ஏஜென்டாக எடுத்து, சங்கத்துக்குள் அனுப்பினார்கள். ஜோன்ஸை நம்பி சங்கத்தார் கொடுத்த வேலை, வருகிற கடிதங்களைப் பதிவு செய்வது. ஒற்றனுக்கு இதைவிட வசதியான மேஜை எங்கே கிடைக்கும்? இன்னொரு கணக்கும் பாருங்கள்: அமெரிக்க உளவுத்துறையில் கறுப்பினருக்கு வேலை வாங்கிக் கொடுத்த முதல் மனிதர் கார்விதான்.

ஹூவர் தேடிய சட்டம் கடைசியில் ஒரு போட்டோவில் கிடைத்தது. ஆப்பிரிக்கா வரை போகிற பெரிய கப்பல் ஒன்று வாங்கத் திட்டம். பேச்சுவார்த்தையில் இருந்தது ‘ஓரியன்’ என்ற கப்பல். வாங்கி முடிக்கவில்லை. ஆனால் விளம்பரத்தாளில் கப்பல் படம் வந்துவிட்டது, முகப்பில் இருந்த ‘ஓரியன்’ அழிக்கப்பட்டு ‘ஃபில்லிஸ் வீட்லி’ என்ற புதுப் பெயரோடு. போட்டோஷாப் பிறக்க அறுபது வருஷத்துக்கும் மேல் இருக்கும்போது போட்டோஷாப். இப்போது ஃப்ளாட் விளம்பரத்தில் கட்டாத நீச்சல் குளத்தைக் காட்டினால் ‘கலைஞரின் கற்பனை’ என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கிறார்கள். கார்விக்கு அந்தப் பொடி எழுத்து தோன்றவில்லை. தபால் மூலம் மோசடி என்று வழக்கு.

1923 மே மாதம் விசாரணை. கார்வி ஆரம்பத்திலேயே வக்கீலை அனுப்பிவிட்டு, நானே வாதாடுகிறேன் என்றார். (மிஸ்டர் கார்வி சீனியரின் பேப்பர் பில்லை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) சாட்சிக் கூண்டில் தன் கம்பெனி ஆட்களையே குறுக்கு விசாரணை செய்து, தனக்கெதிராகப் புதுப்புது விஷயங்களை வரவழைத்தார். ஜூரிக்குப் புரிந்தது ஒன்றுதான்: இவர் கோர்ட்டில் இல்லை, மாநாட்டில் இருக்கிறார்.

அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி பென்னி டான்சி, ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவர். அவரிடமிருந்து எடுத்த சாட்சியப் பொருள் ஒரு கவர். பிளாக் ஸ்டார் லைன் முத்திரை உள்ள கவர். உள்ளே? ஒன்றும் இல்லை. என்ன வந்தது என்று கேட்டால், நிறைய தபால் வரும், இதில் எது இருந்தது என்று ஞாபகம் இல்லை என்கிறார் மனிதர். ஏழரை லட்சம் டாலர், மூன்று கப்பல், 700 டன் அழுகிய தேங்காய் எல்லாம் இருக்க, ஆப்பிரிக்காவின் ஜனாதிபதி மாட்டியது ஒரு காலி கவரில்.

கூடவே குற்றம் சாட்டப்பட்ட மூன்று நிர்வாகிகளும் விடுதலை. மோசடி கம்பெனியில் மூன்று பேர் யோக்கியர்கள், ஒருவர் மட்டும் தனியாகச் சதி செய்தார் என்பது ஜூரியின் கண்டுபிடிப்பு. ஐந்து வருஷம் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். இத்தனைக்கும் கார்வி பணத்தைச் சுருட்டி எங்காவது பதுக்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. அடிப்பவன் நஷ்டப்படும் விநோதமான கொள்ளை அது. அட்லாண்டா சிறைக்கு 1925-இல் போனார். 1927-இல் ஜனாதிபதி கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்து, கையோடு நியூ ஆர்லியன்ஸில் கப்பல் ஏற்றி நாடு கடத்தினார். கார்வியின் வாழ்க்கையில் நேரத்துக்குக் கிளம்பிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கப்பல் அது. அவருடையது இல்லை என்பதுதான் காரணம்.

ஜமைக்காவில் கட்சி ஆரம்பித்தார். ஊழல் நீதிபதிகளைத் தண்டிக்கச் சட்டம் கொண்டுவருவேன் என்று தேர்தல் அறிக்கையில் போட்டார். நீதிபதிகள் அதைப் படித்துவிட்டு மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். 1930 தேர்தலில் தோல்வி. கூட்டத்துக்கு வந்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. 1935-இல் லண்டன் போய் ஹைட் பார்க் மூலையில் நின்று பேசினார். அதே ஜமைக்காவில் ராஸ்தஃபாரிகள் என்ற புதுக் கூட்டம், எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியைக் கடவுள் என்றும், கார்வியை அவரை முன்னறிவித்த தீர்க்கதரிசி என்றும் கும்பிட ஆரம்பித்திருந்தது. தீர்க்கதரிசியோ, இத்தாலிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடினார் என்று கடவுளைத் தன் பத்திரிகையில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பக்தர்கள் இரண்டு பேரையும் விடவில்லை.

1940 ஜனவரியில் பக்கவாதம். மே மாதம் ஒரு தப்பான செய்தி கிளம்பி, கார்வி இறந்துவிட்டார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் போட்டுவிட்டன. நாற்காலியில் முடங்கியிருந்தவர் தன் இரங்கல் குறிப்புகளைத் தானே படித்தார். கையில் காசில்லாமல், ஆதரவில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கைதட்டலில் குளித்த மனிதர், கடைசியாக வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு மறுபடி சரிந்தார். ஜூன் 10 அன்று நிஜமாகவே போய்விட்டார். பத்திரிகைகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைவிட வேகம்.

அப்புறம்தான் மார்க்கெட் சூடு பிடித்தது. 1957-இல் சுதந்திரம் வாங்கிய கானா, தன் கொடி நடுவில் கறுப்பு நட்சத்திரத்தை வைத்தது. அரசுக் கப்பல் கம்பெனிக்கு வைத்த பெயர் பிளாக் ஸ்டார் லைன். கால்பந்து அணி பிளாக் ஸ்டார்ஸ். யார்மத்தில் ஆபீசராக இருந்து எல்லாக் கூத்தையும் பார்த்த ஹியூ மல்ஸாக், 1942-இல் அமெரிக்கப் போர்க்கால சரக்குக் கப்பலுக்கு முதல் கறுப்பின கேப்டன் ஆகியிருந்தார். ஜமைக்கா, தோற்கடித்து ஜெயிலில் போட்ட மனிதரின் உடலை 1964-இல் லண்டனிலிருந்து வரவழைத்து முதல் தேசிய நாயகன் ஆக்கி, பிறகு இருபது டாலர் நாணயத்திலும் போட்டது. அமெரிக்காவும் மன்னித்தது, 2025 ஜனவரி 19 அன்று, பைடன் வீட்டைக் காலி செய்வதற்கு முதல் நாள்.

டு பாய்ஸ்? கார்வியின் ‘ஆப்பிரிக்கா திரும்புவோம்’ கோஷத்தைக் கேலி செய்தவர், 93 வயதில் கானாவுக்கே குடிபோய், அந்நாட்டுக் குடிமகனாகி, 1963-இல் அக்ராவில் கண்ணை மூடினார். இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறார். கார்வி கடைசிவரை ஆப்பிரிக்க மண்ணில் கால் வைக்கவே இல்லை.

அந்த ஐந்து டாலர் பங்குகளுக்கு டிவிடெண்டாக ஒரு சென்ட்கூட வந்ததில்லை. ஆனால் யாராவது ஒரு போர்ட்டரின் பேரன் பரணில் அந்தப் பத்திரத்தைக் கண்டெடுத்தால், ஏலத்தில் ஐந்து டாலரைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. கம்பெனி மூழ்கி நூறு வருஷத்துக்குப் பிறகு பங்கு விலை ஏறியிருக்கிறது. கார்வி இருந்திருந்தால் இந்தச் செய்தியை அப்படியே எடுத்து அடுத்த விளம்பரத்தில் போட்டிருப்பார். பக்கத்திலேயே, இன்னும் வாங்காத ஒரு கப்பலின் படத்தையும்.